கடிதம் குறைந்த காலத்தில் ஒரு வேலைநிறுத்தம்: கிராமிய அஞ்சல் ஊழியர்களும் 2018-ம்

2018 மே 22 அன்று இந்தியா முழுவதும் கிராமிய அஞ்சல் ஊழியர்கள் காலவரையற்ற வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். பதினாறாம் நாள், ஜூன் 6 அன்று, மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட அந்த ஊழியர்களின் ஊதிய மாற்றத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. கடிதம் எழுதும் பழக்கமே அருகிப்போன காலத்தில் தபால்காரர் வேலையை நிறுத்தினால் யாருக்கு என்ன குறைந்துவிடும் என்ற கேள்வி அப்போது பரவலாக எழுந்தது. கடிதக் குறைவையும் வேலைநிறுத்தத்தையும் தொடர்பில்லாத இரண்டு செய்திகளாகப் பார்ப்பதால் வரும் கேள்வி அது. இந்த ஊழியர்களின் வருமானம் கடித எண்ணிக்கையோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது. கடிதம் குறையக் குறைய அந்தக் கட்டு அவர்கள் கழுத்தை இறுக்கியது. வேலைநிறுத்தம் அங்கிருந்துதான் பிறந்தது என்பது இக்கட்டுரையின் வாதம்.

இந்த ஊழியர் பிரிவின் வேர் 19-ஆம் நூற்றாண்டுக்குப் போகிறது. 1854-ல், தலைமை ஆளுநர் டல்ஹவுசி காலத்தில், அஞ்சல் நாடு தழுவிய ஒரே துறையாக ஒழுங்குபெற்றது. ஆனால் கிராமந்தோறும் முழுச் சம்பளத்தில் ஆள் போட அரசு செலவழிக்க விரும்பவில்லை. பள்ளிக்கூட வாத்தியார், கடைக்காரர் என வேறு பிழைப்பு உள்ள ஒருவரிடம் சொற்பத் தொகை கொடுத்து அஞ்சல் வேலையை ஒப்படைத்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகும் இந்த ஏற்பாடு தொடர்ந்தது. நாளொன்றுக்கு அதிகபட்சம் ஐந்து மணி நேர வேலை, அஞ்சலகத்துக்கான இடத்தை ஊழியரே தர வேண்டும், வேறு வருமானம் இருக்க வேண்டும் என்பவை நிபந்தனைகள். 1977-ல் பி.கே. ராஜம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம், இவர்கள் வகிப்பது மத்திய அரசின் கீழுள்ள குடிமைப் பதவியே என்று தீர்ப்பளித்தது. காரணம் காட்டாமல் வீட்டுக்கு அனுப்புவதிலிருந்து அரசியல் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது. சம்பளமும் ஓய்வூதியமும் கிடைக்கவில்லை. பதவி அரசுடையது, பதவியில் இருப்பவர் அரசு ஊழியர் இல்லை என்ற இந்த நிலை நாற்பதாண்டு கழித்தும் மாறவில்லை. 2018-ன் கோபத்தை இதை விட்டுவிட்டு விளக்க முடியாது.

திண்டுக்கல் மாவட்டத்து வடமதுரை போன்ற ஒரு துணை அஞ்சலகத்தை எடுத்துக்கொண்டால், வருமானம் கடிதத்தோடு கட்டப்பட்டிருந்த விதம் புரியும். வேல்வார்கோட்டை, தென்னம்பட்டி, பிலாத்து எனச் சுற்றிலும் மானாவாரி நிலமும் நூற்பாலைகளுமாக விரிந்த கிராமங்கள். இத்தகைய ஊர்களில் கிளை அஞ்சலகம் என்பது பெரும்பாலும் ஒரு வீட்டின் முன்னறை: ஒரு மேசை, தேதி முத்திரை, தராசு, பணம் வைக்கும் இரும்புப் பெட்டி. துணை அஞ்சலகத்திலிருந்து பை வரும். பிரித்துப் பட்டுவாடா செய்து, அன்றைய கணக்கை எழுதி, பையை மீண்டும் கட்டி முத்திரையிட்டு அனுப்ப வேண்டும். எத்தனை கடிதம், எத்தனை பதிவுத் தபால், எத்தனை மணியார்டர் என்று எண்ணி, ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு நேரம் என்று கணக்கிட்டு, அந்த நேரத்துக்கு ஏற்பப் படியை நிர்ணயித்தது துறை. எண்ணிக்கை குறைந்தால் அடுத்த மறுஆய்வில் படி இறங்கும். நாட்டில் 1990-களின் இறுதியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,500 கோடியாக இருந்த அஞ்சல்கள், 2010-களின் நடுவில் 600 கோடி அளவுக்குச் சரிந்தன. நகரத்து வாடிக்கையாளருக்கு இது கைப்பேசி வந்த கதை. கிளை அஞ்சலக அதிகாரிக்கோ, அடுப்பு எரியும் வருமானத்தில் நேரடியாக விழுந்த வெட்டு.

அதே ஆண்டுகளில் அந்த மேசையில் வேறு வேலைகள் சேர்ந்துகொண்டே இருந்தன. 1995-ல் கிராமிய அஞ்சல் ஆயுள் காப்பீடு வந்தது. 2015-ல் பெண் குழந்தைகளுக்கான செல்வமகள் சேமிப்பு. 2017 டிசம்பரில் தொடங்கிய ‘தர்பன்’ திட்டத்தில் கையடக்கக் கருவி. 2018 செப்டம்பரில் அஞ்சல் துறையின் பேமெண்ட்ஸ் வங்கி. காப்பீடும் வங்கி வேலையும் பெரும்பாலும் ஊக்கத்தொகைக் கணக்கில் போயின, வேலை நேரக் கணக்கில் ஏறவில்லை. குறைந்துவரும் கடிதம் அளவுகோலாக நின்றது, கூடிவரும் பண வேலை அளவுகோலுக்கு வெளியே நின்றது. என் பார்வையில் இந்தப் பிரச்சினையின் மையமே இங்கேதான் இருக்கிறது.

முந்தைய வேலைநிறுத்தங்களோடு ஒப்பிட்டால் பாதிப்பு விழும் இடம் மாறியது தெரியும். 1946 ஜூலை 11-ல் தொடங்கிய அஞ்சல் வேலைநிறுத்தம் நகரங்களை நிறுத்தியது. வணிகமும் அரசும் தபாலையும் தந்தியையும் நம்பியிருந்த காலம் அது. ஜூலை 29 அன்று ஆதரவாகக் கல்கத்தா நகரமே முடங்கியது. 1960-ல் மத்திய அரசு ஊழியர் வேலைநிறுத்தத்தை அவசரச் சட்டம் போட்டுத்தான் அரசு எதிர்கொண்டது. 1998 ஜூலையிலும் 2000 டிசம்பரிலும் நடந்த வேலைநிறுத்தங்களில் முழுநேர இலாகா ஊழியர்களும் கிராமத்து ஊழியர்களும் சேர்ந்து நின்றார்கள். கிராமத்து ஊழியர்களை அரசு ஊழியராக நடத்தப் பரிந்துரைத்த நீதிபதி தல்வார் குழுவின் 1997 அறிக்கை அப்போது முக்கியப் பிரச்சினை. இரண்டாவது போராட்டம் பதினான்கு நாள் நீடித்தும் பெரிதாக எதுவும் கைக்கு வரவில்லை. 2018-ல் நகரங்களில் முழுநேரத் தபால்காரர்கள் இருந்தார்கள், நகரவாசி எதையும் உணரவில்லை. பூட்டிக் கிடந்தவை கிளை அஞ்சலகங்கள். தொடர் வைப்புக்குப் பணம் கட்ட வந்தவரும், ஆதார் அட்டைக்கும் நேர்காணல் கடிதத்துக்கும் காத்திருந்தவரும்தான் பாதிப்பை அறிந்தார்கள்.

கிராமத்து ஊழியர்களின் போராட்டத்துக்கு எதிராக வைக்கப்படும் வாதங்களில் வலுவானது நிதி சார்ந்தது. 2018-19-ல் அஞ்சல் துறையின் பற்றாக்குறை ஏறத்தாழ 15,000 கோடி ரூபாய், ஏறத்தாழ 1.29 லட்சம் கிளை அஞ்சலகங்களை இன்னும் ஏன் சுமக்க வேண்டும் என்கிறார்கள். பல கிளைகள் நட்டத்தில் ஓடுவது உண்மை, மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தப் பற்றாக்குறையில் பெரும்பங்கு முழுநேர ஊழியரின் சம்பளமும் ஓய்வூதியமும். கிராமத்து ஊழியர் அந்த ஓய்வூதியத்துக்கு உரியவரே இல்லை. நட்டக் கணக்கைக் காட்டி அவரிடம் சிக்கனம் கேட்பது நியாயமாகாது. வேலைநிறுத்தமே வாடிக்கையாளரைக் கூரியரிடம் துரத்தியது என்பது இன்னொரு வாதம். நிறுவனக் கடிதங்களைப் பொறுத்தவரை இதில் கொஞ்சம் உண்மை உண்டு. திண்டுக்கல் நகர வியாபாரி கூரியருக்கு மாறலாம். மானாவாரிக் காட்டோரக் குடியிருப்புக்கு நாள் தவறாமல் போகும் கூரியர் எது? டென்மார்க்கில் 2025 இறுதியில் அரசு அஞ்சல் நிறுவனம் கடிதப் பட்டுவாடாவையே கைவிட்டது. ஏறக்குறைய அரசு வேலைகள் எல்லாம் இணையத்துக்கு மாறிய நாடு அது. அந்த முடிவை அப்படியே இங்கே எடுத்துவர முடியாது.

2018 முடிவில் நான்கு மணி நேர வேலை பார்க்கும் கிளை அஞ்சலக அதிகாரிக்குக் குறைந்தபட்சம் 12,000 ரூபாயும், ஐந்து மணி நேரத்துக்கு 14,500 ரூபாயும், மற்ற கிராமிய அஞ்சல் ஊழியர்களுக்கு முறையே 10,000, 12,000 ரூபாயும் நிர்ணயமாயின. பதினொரு அடுக்காக இருந்த படி மூன்று அடுக்காகச் சுருங்கியது. இது இந்த ஊழியர்களின் ஊதியத்தை ஆராய்ந்த கமலேஷ் சந்திரா குழு 2016 நவம்பரிலேயே எழுதிக் கொடுத்த பரிந்துரையின் பலன். ஒன்றரை ஆண்டு கிடப்பில் கிடந்த அறிக்கையைப் பதினாறு நாள் வேலைநிறுத்தம் அமைச்சரவை மேசைக்குக் கொண்டுபோனது. மணிக்கணக்கு மட்டும் அப்படியே நின்றது. 2023 டிசம்பர் 12-ல் மீண்டும் வேலைநிறுத்தம் வந்தபோது முதல் கோரிக்கைகள் எட்டு மணி நேர வேலையும் ஓய்வூதியமும். ஊக்கத்தொகை வேலைகளை எல்லாம் வேலை நேரக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பதும் அவற்றோடு இருந்தது. அதே மாதம் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய அஞ்சலகச் சட்டம், 1898-ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கி, கடிதம் எடுத்துச் செல்லும் தனியுரிமையை அரசு கைவிட வழிசெய்தது. கடிதத்தின் மீதான உரிமையைத் துறை விட்டுவிட்ட பிறகும், கடிதத்தை எண்ணி ஊதியம் வகுத்த காலத்து நான்கு மணி, ஐந்து மணிக் கணக்கு கிராமத்து ஊழியருக்கு இன்னும் அமலில் இருக்கிறது.