வலிக்கு ஒரு சீட்டு

அப்போது எனக்கு ஒன்பது வயது. அம்மாவின் வயிற்றுவலியை டொக்டருக்கு டொச் மொழியில் சொல்வது என் வேலை. நான் சொல்லி முடிக்க முன்னரே அவர் தாதியிடம் திரும்பி, "மோர்புஸ் மெடிட்டெரானேயுஸ்" என்று சிரித்தார். நோயின் பெயராக்கும் என்று நினைத்து, மறந்துவிடாமல் வீடுவரை மனதுக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன்.

அப்படியொரு நோயே இல்லை. 'மத்தியதரைக்கடல் நோய்' என்று பொருள். 1955இல் இத்தாலியோடும் 1961இல் துருக்கியோடும் ஒப்பந்தம் செய்து ஜேர்மனி தொழிலாளர்களை அழைத்தது. அவர்களைப் போன்றவர்கள் வலியைப் பெரிதாக்கிச் சொல்வார்கள் என்ற எண்ணத்தில் மருத்துவர்களிடையே புழங்கிய கேலிப்பெயர் இது. யாழ்ப்பாணத்து அம்மாவுக்கும் மத்தியதரைக்கடலுக்கும் என்ன சம்பந்தம்?

ஆனால் இது கேலியோடு முடியவில்லை. 1983க்குப் பிறகு எங்கள் பெற்றோர் பலர் கிழக்கு பேர்லின் வழியாக இங்கே அகதிகளாக வந்தார்கள். 1993 நவம்பர் 1இல் அகதி விண்ணப்பதாரருக்கென்று தனிச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பிரசவம், தடுப்பூசி போன்றவை போக, திடீர் நோய்க்கும் வலிக்கும்தான் அதில் சிகிச்சை உறுதி. பல ஊர்களில் டொக்டரிடம் போகமுன் சமூகநல அலுவலகத்தில் சீட்டு வாங்கவேண்டும். 1994இல் வந்த அம்மா பல்வலிக்கும் அந்தச் சீட்டோடுதான் போனாராம்.

சட்டம் வலியைக் காட்டச் சொல்கிறது. காட்டினால், மிகைப்படுத்துகிறாய் என்று சிரிக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில்தான் எங்கள் அம்மாமார் நின்றார்கள்.

மாற்றமும் வந்தது. 2005இல் பிரேமன் நகரம் அகதிகளுக்கும் காப்புறுதி அட்டை கொடுத்தது. 2012இல் ஹம்பேர்க்கும் கொடுத்தது. சீட்டு இல்லாமல் நேரே டொக்டரிடம் போகலாம். ஆனால் கட்டுப்பாட்டுக் காலம் கூடிக் குறைகிறது: 2015இல் 15 மாதம், 2019இல் 18, 2024இல் 36. 2023இல் வெளியான ஓர் ஆய்வில், துருக்கி, நைஜீரியப் பெயர்களில் டொக்டரிடம் நேரம் கேட்டவர்களுக்கு, ஜேர்மன் பெயர்களில் கேட்டவர்களைவிடக் குறைவாகவே சாதகமான பதில் கிடைத்தது.

அம்மாவுக்கு இருந்தது பித்தப்பைக் கல். எட்டு மாதம் கழித்து வேறொரு டொக்டர் கண்டுபிடித்தார்.

உங்களில் பலர் இன்றும் அம்மாவுக்காக மொழிபெயர்க்கிறீர்கள். டொக்டர் சிரித்தால், "அம்மா சொன்னதைக் கோப்பில் எழுதுங்கள்" என்று கேளுங்கள். தன் கோப்பைப் பார்க்கும் உரிமை 2013 முதல் நோயாளிக்குச் சட்டத்திலேயே உண்டு. ஒன்பது வயதில் எனக்கு இது தெரிந்திருக்கவில்லை.