அடக்க விலையா, அன்றைய விலையா? - வணிகக் கணக்கும் ஸகாத்தும்

ஒரு வணிகர் நான்கு இலட்சம் ரூபாய்க்கு வாங்கிய துணிச் சரக்கு, ஆண்டு முடிவில் ஆறு இலட்சம் பெறுமானால், அதை ஏட்டில் எந்த மதிப்பில் எழுதுவது? கணக்கியல் கோட்பாட்டின் பெரும் விவாதங்கள் பலவும் இந்த எளிய வினாவைச் சுற்றியே எழுந்தவை. கடன் கொடுப்பவர், பங்குதாரர், வரி வாங்கும் அரசு, ஸகாத் பெறும் ஏழை ஆகிய அனைவரின் பங்கும் இதன் விடையில் அடங்கியிருக்கிறது.

அமெரிக்கப் பங்குச் சந்தை 1929இல் வீழ்ந்தபின், ஊதிப் பெருக்கிய மதிப்பீடுகளின் மேல் அறிஞர்களுக்கு அச்சம் பிறந்தது. 1940இல் பேட்டனும் லிட்டில்டனும் சேர்ந்தெழுதிய நூல், வாங்கிய விலையே கணக்கின் அடித்தளம் என்று வலுவாக வாதிட்டது. வாங்கிய விலைக்குச் சீட்டு உண்டு; சந்தை விலையோ ஆளுக்கு ஆள் வேறுபடும். 1966இல் சிட்னிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ரேமண்ட் சேம்பர்ஸ் இதற்கு நேர் எதிரான கோட்பாட்டை முன்வைத்தார். முடிவெடுக்க நிற்பவனுக்குத் தேவைப்படுவது, தன் உடைமையை இன்று விற்றால் எவ்வளவு ரொக்கம் கிடைக்கும் என்ற அறிவே என்பது அவர் வாதம். 1970களின் விலையேற்றத்தில் பிரிட்டனும் இப்பக்கம் சாய்ந்தது. சாண்டிலாண்ட்ஸ் குழு 1975இல் நடப்பு விலைக் கணக்கைப் பரிந்துரைத்தது, 1980இல் அது விதியாயிற்று, 1988இல் கைவிடப்பட்டது.

இவ்விவாதத்தைப் படிக்கும்போது நமக்கு மைமூன் இப்னு மிஹ்ரான் (ரஹ்) நினைவுக்கு வருகிறார். கலீஃபா உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) காலத்தில் ஜஸீரா மாநிலத்தின் நிலவரியையும் நீதித்துறையையும் கவனித்த அவர், ஹிஜ்ரி 117இல் மறைந்தார். ஏட்டுக்கும் மக்களுக்கும் நடுவில் வாழ்நாளைக் கழித்தவர் அவர். ஸகாத் கடமையாகும் நாளில் கையிலுள்ள ரொக்கத்தையும் விற்பனைச் சரக்கையும் பார். சரக்கைப் பணமாக மதிப்பிடு. திருப்பித் தரும் வசதியுள்ளவரிடமிருந்து வரவேண்டிய கடனைச் சேர். நீ கொடுக்கவேண்டிய கடனைக் கழி. எஞ்சியதற்கு ஸகாத் கொடு. இதுவே அவர் கூறியதன் கருத்து. ஹிஜ்ரி 224இல் மறைந்த அபூ உபைத் (ரஹ்) தம் 'கிதாபுல் அம்வால்' நூலில் இதைப் பதிந்துள்ளார். பஸராவின் ஜாபிர் இப்னு ஸைத் (ரஹ்) அவர்களும் கடமையாகும் நாளின் விலைப்படியே சரக்கை மதிப்பிடச் சொன்னதாக அங்கே காண்கிறோம். இவற்றுக்கெல்லாம் முன்னோடியாக உமர் (ரலி) அவர்களின் நிகழ்ச்சியொன்று கூறப்படுகிறது. தோலும் அம்பறாத்தூணியும் விற்ற ஹிமாஸ் என்பவர், இவை தவிர என்னிடம் செல்வமில்லை என்றபோது, அவற்றையே மதிப்பிட்டு ஸகாத் கொடுக்குமாறு கலீஃபா பணித்தார்கள்.

இதைக் கொண்டு, சேம்பர்ஸ் சொன்னதை நம்மவர் முன்பே சொல்லிவிட்டனர் என்று மேடையில் முழங்குவது நம்மிடையே ஒரு வழக்கமாகிவிட்டது. அதில் நமக்கு உடன்பாடில்லை. சேம்பர்ஸ் ஒரு நிறுவனம் சந்தையில் எடுக்கவேண்டிய முடிவைப் பற்றிப் பேசினார். மைமூனோ ஓர் இபாதத்தின் அளவைப் பற்றிப் பேசினார். இருவரும் ஒரே இடத்துக்கு வந்ததற்குக் காரணம், இருவரின் கேள்வியும் 'இன்று இவரிடம் உண்மையில் எவ்வளவு உள்ளது?' என்பதாக இருந்ததே.

நம் இமாம்களும் இதில் ஒருமித்துவிடவில்லை. இமாம் மாலிக் (ரஹ்) வணிகரை இருவகையாகப் பிரித்தார்கள். நாள்தோறும் வாங்கி விற்பவர் ஆண்டுக்கொருமுறை சரக்கை மதிப்பிடவேண்டும். விலை ஏறட்டும் என்று சரக்கை வைத்துக் காத்திருப்பவரோ, எத்தனை ஆண்டு சென்றாலும், விற்றபின் ஓராண்டுக்குரிய ஸகாத்தைக் கொடுத்தால் போதும். விற்காத இலாபம் இலாபமன்று என்ற இன்றைய கணக்காளரின் விதிக்கு இது மிக அருகில் நிற்கிறது. இப்னு ஹஸ்ம் (ரஹ்) ஒருபடி மேலே சென்று, வணிகச் சரக்குக்கு ஸகாத்தே இல்லை என்றார். ஹிமாஸின் அறிவிப்பையும் அவர் ஏற்கவில்லை.

இது ஏட்டளவில் நின்றுவிடும் விவாதமன்று. நம் வணிகர் பலர் ஆடிட்டர் தந்த ஐந்தொகையை அப்படியே கொண்டுவந்து, இரண்டரை சதவீதம் எவ்வளவு என்று ஆலிமிடம் கேட்கின்றனர். இந்தியக் கணக்கியல் தரம் 2இன்படி, அந்த ஐந்தொகையில் சரக்கு அடக்க விலை, நிகர விற்பனை மதிப்பு ஆகிய இரண்டில் குறைந்த தொகைக்கே எழுதப்பட்டிருக்கும். விலை இறங்கினால் ஏடு காட்டும், ஏறினால் காட்டாது. கடன் கொடுத்தவரைக் காக்க அமைந்த இந்த எச்சரிக்கை, ஸகாத் பெறுபவருக்குப் பாதகமாக முடிகிறது.

தொடக்கத்தில் சொன்ன துணி வணிகரிடம் ரொக்கம் ஒரு இலட்சமும், நிச்சயமாக வரக்கூடிய கடன் ஒன்றரை இலட்சமும் இருப்பதாகவும், அவர் பிறருக்குத் தரவேண்டியது ஒன்றரை இலட்சம் என்றும் கொள்வோம். ஐந்தொகையைப் பின்பற்றினால் நிகரம் ஐந்து இலட்சம், ஸகாத் 12,500 ரூபாய். சரக்கை அன்றைய விலைக்கு எடுத்தால் நிகரம் ஏழு இலட்சம், ஸகாத் 17,500. இது கடனைக் கழிக்கும் ஹனஃபி வழி. நம் கடற்கரை ஊர்களில் பெருவழக்காயுள்ள ஷாஃபிஈ மத்ஹபின் ஏற்புடைய கருத்துப்படி, கடன் ஸகாத்தைத் தடுப்பதில்லை. எனவே எட்டரை இலட்சத்துக்கு 21,250 ஆகும். கடைக் கட்டடமும் அலமாரியும் தராசும் எவ்வழியிலும் கணக்கில் வாரா.

நாளைப் பற்றியும் ஒரு சொல். ஐந்தொகை மார்ச் 31இல் முடிகிறது; ஸகாத் ஆண்டோ சந்திர ஆண்டு. இரண்டுக்கும் ஏறத்தாழ 11 நாள் வேறுபாடு. ஆங்கில ஆண்டையே பின்பற்றி இரண்டரை சதவீதம் கொடுத்துவருபவர், சுமார் 33 ஆண்டுகளில் ஓராண்டு ஸகாத்தை முழுமையாகத் தவறவிடுகிறார். இதை ஈடுசெய்யவே, அவ்வாறு கணக்கிடுவோர் 2.577 சதவீதம் கொடுக்கவேண்டும் என்று இக்கால அறிஞர் கூறுகின்றனர். துணி வணிகர் மார்ச் 31ஐயே தம் நாளாக வைத்துக்கொள்வாரானால், ஹனஃபி வழியில் அவர் கொடுக்கவேண்டியது 17,500 அன்று, 18,039 ரூபாய்.