கேள்

செவியில் விழுவதற்கும் வினவுவதற்கும் தமிழில் ஒரே வேர்: கேள். கன்னடத்துக் ‘கேளு’வும் அப்படியே. திருக்குறளின் 42ஆம் அதிகாரமான ‘கேள்வி’ கேட்டறிவதைப் பேசுகிறது; வினாவை அல்ல. ‘சொல்பேச்சுக் கேட்காத பிள்ளை’யில் கேட்பது கீழ்ப்படிதல். காது மிஷின் வைத்திருப்பவருக்கான வினாநிரலைத் தமிழாக்குகையில் இந்த வளமே இடறுகிறது. ‘டிவி கேட்கிறதா?’ என்றால் முதியவர் ‘கேட்கிறது’ என்பார்; சத்தம் வருகிறது, சொல் பிரிந்து விளங்கவில்லை என்பது அந்த விடையில் மறைந்துவிடும். ‘எனக்குக் கேட்கிறது’ என்பதில் ஒலி தானாக வருகிறது. ‘நான் கேட்கிறேன்’ என்பதில் கவனம் இருக்கிறது. ஒரு வேற்றுமை உருபு அளவிடும் பொருளையே மாற்றிவிடுகிறது!

ஆங்கிலத்துக்குத் திருப்பி மொழிபெயர்த்துச் சரிபார்த்தால் போதாதா என்பார்கள். போதாது, திரும்பி வரும் சொல் மூலத்தோடு அழகாகப் பொருந்தும், குழப்பம் தமிழிலேயே தங்கிவிடும். கிரோன்பாக் ஆல்ஃபா என்ற நம்பகத்தன்மை எண் உயர்ந்திருந்தாலும், வினாக்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன என்றுதான் பொருள். எதை அளக்கின்றன என்று அது சொல்லாது. ‘புரிகிறதா’ என்று மாற்றலாமே? அது காதை விட்டு அறிவைச் சோதிப்பதுபோல் ஒலித்து, முதியவரைப் புண்படுத்தும். ‘பேசுகிற வார்த்தை தெளிவாகக் காதில் விழுகிறதா?’ நீளம்தான், ஆனால் நேர்மையானது. விடை தந்தவரிடமே ‘இதை எப்படி எடுத்துக்கொண்டீர்கள்?’ என்று விசாரித்த பிறகே அதையும் ஏற்க வேண்டும்.