பாலாறும் தாய்ப்பாலும்

எங்க ஊர் ஒடுகத்தூர். அக்காவைக் கட்டிக் கொடுத்தது ஆம்பூர்ல. குழந்தை பிறந்த மூணாவது நாள் ஆஸ்பத்திரியில வச்சுக் கேட்டா: "ஏன்டா, நீதான் எல்லாத்தையும் படிக்கறியே. பத்து வருஷமா இந்தத் தண்ணி குடிச்ச உடம்பு. புள்ளைக்குப் பால் குடுக்கலாமா?" எனக்குத் தெரிஞ்சது கம்ப்யூட்டர் மட்டும்தான். தேடிப் படிச்சதை எழுதறேன்.

டேனரிக் கழிவு பாலாற்றைக் கெடுத்த கதை ஊரறிஞ்சது. 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம், 'கெடுத்தவரே ஈடு கட்ட வேண்டும்' என்று தீர்ப்பு சொன்னது. கிட்டத்தட்ட 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதிக்கப்பட்டதா அந்தத் தீர்ப்பிலேயே இருக்கு.

ஆனா நாம பயப்படற குரோமியமும் உப்பும் கொழுப்பில் கரையாது. தாய்ப்பாலில் அவை சேர்றது குறைவு. அதில் அதிகமா இறங்கறது கொழுப்பில் கரைஞ்சு வருஷக்கணக்கா உடம்பில் தங்கற டிடிடி, டையாக்சின் மாதிரி சரக்குகள். அதனால் தலைச்சன் பிள்ளைக்குத்தான் பங்கு அதிகம்.

அமெரிக்காவில் 1951-லேயே தாய்ப்பாலில் டிடிடி இருக்குன்னு கண்டுபிடிச்சாங்க. தென்னிந்தியத் தாய்ப்பாலை ஜப்பானிய ஆய்வாளர்களும் நம்மவர்களும் சேர்ந்து சோதிச்ச முடிவு 1990-ல் வந்தது. டிடிடி, பிஎச்சி ரெண்டும் இருந்தன. 2004-ல் வந்த இன்னொரு ஆய்வு, சென்னை பெருங்குடி குப்பைமேட்டுப் பக்கம் வசிச்ச தாய்மாரின் பாலில் டையாக்சின் அதிகம்னு சொன்னது. மாட்டுப்பால் வழியா வந்திருக்கலாமாம்!

சரி, தோலுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? இருக்கு. பென்டாகுளோரோபீனால். தோலில் பூஞ்சை பிடிக்காம இருக்கப் போட்ட மருந்து. தயாரிக்கும்போதே அதில் டையாக்சின் கலந்துடும். 1989 டிசம்பரில் ஜெர்மனி அதைத் தடை செஞ்சது. ஒரு கிலோ தோலில் 5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தா உள்ளே விடமாட்டோம்னாங்க. நம்ம ஏற்றுமதி ஆடிப்போச்சு. அப்புறம்தான் இங்கே அவசர அவசரமா மாற்று மருந்து தேடினாங்க.

இதைப் படிச்சப்ப மனசு கஷ்டமாயிடுச்சு. அந்த மருந்தைக் கையால் தொட்டு வேலை செஞ்சவங்க நம்ம ஊர்க்காரங்க. அது நின்னது ஜெர்மன்காரங்க செருப்புக்காக.

அக்காகிட்ட 'தயங்காம குடு'ன்னுதான் சொன்னேன். இந்த ரசாயனம் எல்லாம் தெரிஞ்சும், முதல் 6 மாசம் தாய்ப்பால் மட்டும்தான்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. டாக்டரம்மாவும் அதையேதான் சொன்னாங்க.

பாலாறு மட்டும் அப்படியே கிடக்கு. 2025 ஜனவரி 30-ல் உச்ச நீதிமன்றம் அதுக்காக மறுபடியும் தீர்ப்பு சொல்ல வேண்டியிருந்தது. முதல் தீர்ப்பு வந்தப்ப அக்காவே கைக்குழந்தை.