தொட்டியில தானா வந்த நித்தியகல்யாணி

எங்க மொட்டை மாடித் தோட்டத்துல துளசி, கற்பூரவள்ளி, புதினா, அப்புறம் யாரும் நடாமலே முளைச்ச நித்தியகல்யாணி. "சுகருக்கு நல்லதாம்டா, இலையைக் கொதிக்க வெச்சுக் குடிக்கப் போறேன்"னு அம்மா சொன்னாங்க. இந்த எபிசோடே அதனாலதான்.

இதே கஷாயத்தை ஜமைக்காவிலும் சுகருக்குக் குடிச்சிருக்காங்க. ஆனா செடிக்குப் பூர்விகம் மடகாஸ்கர். 1952-ல் ஜமைக்காவிலிருந்து ஒரு கவர்ல இந்த இலைகள் கனடாவுக்கு, கிளார்க் நோபிள் என்ற டாக்டருக்கு வந்து சேருது. இவர் டொரன்டோ இன்சுலின் ஆராய்ச்சியில் வேலை பார்த்தவர். இலைகளைத் தம்பி ராபர்ட்டிடம் கொடுத்தார். ராபர்ட் சாற்றை எலிகளுக்குப் புகட்டிப் பார்த்தார், சுகர் இறங்கவே இல்லை. ஊசியில ஏத்தினார். எலிகள் நோய்த்தொற்றில் செத்துப்போச்சு. ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் ஏகத்துக்குக் குறைஞ்சிருந்தது.

நானா இருந்தா அங்கேயே டிக்கெட்டை க்ளோஸ் பண்ணியிருப்பேன். வெள்ளை அணுவைக் குறைக்குதுன்னா புற்றுநோய்க்கு உதவுமேன்னு அவர் யோசிச்சார். வேதியியலாளர் சார்லஸ் பீரும் அவரும் பிரிச்செடுத்த வின்பிளாஸ்டின் 1958-ல் வெளியுலகுக்குத் தெரிஞ்சது. இதே செடியிலிருந்து வந்த வின்கிறிஸ்டின், இன்னைக்கும் குழந்தைகளோட ரத்தப் புற்றுநோய்க்கு முக்கியமான மருந்து. அதை மில்லிகிராம் கணக்குல அளந்து, ரத்த நாளத்துல மட்டும்தான் ஏத்துவாங்க.

மாடியில பறிக்கிற இலையில எவ்வளவு இருக்குன்னு யார் அளக்கிறது? அம்மாகிட்ட முழுக்கதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் புதினா பறிக்கப் போனாங்க. நித்தியகல்யாணி இன்னும் அதே தொட்டியிலதான் பூக்குது.