காந்தம் ஒட்டாத வண்டி



வாகனங்களின் வரலாறு பற்றியும் எழுதுங்கள் ஐயா என்று பழைய மாணவர் ஒருவர் கேட்டிருந்தார். அவர் கேட்டது கார்களைப் பற்றி. நான் எழுதப்போவது பிக்கப் வண்டியைப் பற்றி. நம் ஊரில் சரக்கு ஏற்ற 'குட்டி யானை' இருக்கிறது அல்லவா? அமெரிக்காவில் அந்த வேலையைச் செய்வது முழு யானை. முன்னால் ஆட்கள் உட்காரும் கேபின், பின்னால் திறந்த தொட்டி. விவசாயி, கொத்தனார், மின்வாரிய ஊழியர், குதிரை வளர்ப்பவர் என எல்லோரும் அதை ஓட்டுகிறார்கள். புது மாடல் வரப்போகிறது என்றால் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே பேச்சு தொடங்கிவிடும். எஞ்சின் என்ன, எவ்வளவு இழுக்கும், மைலேஜ் எவ்வளவு என்று தெருவுக்குத் தெரு விவாதம் நடக்கும்.

அப்படி அதிகம் பேசப்பட்ட ஒரு வண்டிதான் ஃபோர்டு நிறுவனத்தின் 2015 மாடல் எஃப்-150.

கொஞ்சம் பின்னால் போவோம். ஹென்றி ஃபோர்டின் மாடல் டி காரை வாங்கிய விவசாயிகள், அதன் பின்பக்கத்தை வெட்டி, தாங்களே மரப்பெட்டி பொருத்திச் சரக்கு ஏற்றினார்கள். இதைப் பார்த்த நிறுவனம் 1917இல் ஒரு டன் தாங்கும் மாடல் டிடி சட்டத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1925இல் தொட்டியோடு சேர்ந்த பிக்கப் வண்டியை ஆலையிலேயே செய்து 281 டாலருக்கு விற்றது. இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு, 1948 மாடலாக எஃப் வரிசை பிறந்தது. 1977 முதல் அமெரிக்காவில் அதிகம் விற்கும் பிக்கப் இதுதான்.

இந்த வண்டிகளின் வளர்ச்சியில் பொறியாளர்களைப் போலவே சட்டங்களுக்கும் பங்கு உண்டு. இரண்டு உதாரணம் சொல்கிறேன்.

முதலாவது, 'கோழி வரி'. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கோழி இறைச்சி ஐரோப்பாவில் மலிவாகக் குவிந்தது. பிரான்சும் மேற்கு ஜெர்மனியும் அதன் மீது வரி போட்டன. பதிலுக்கு அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சன் உருளைக்கிழங்கு மாவு, பிராந்தி போன்ற சிலவற்றோடு இறக்குமதி ஆகும் சிறு லாரிகளுக்கும் 25 சதவீத வரி விதித்தார். 1964இல் அது நடைமுறைக்கு வந்தது. மற்றப் பொருள்களின் வரி பிற்பாடு நீங்கியது. லாரி வரி மட்டும் நீங்கவில்லை. அதனால் வெளிநாட்டு பிக்கப்புகள் உள்ளே வருவது கடினமானது. அமெரிக்க நிறுவனங்களுக்கு அது கோட்டைச் சுவர் போல அமைந்தது.

இரண்டாவது, 1975இல் எஃப்-150 பிறந்த கதை. சரக்கோடு சேர்த்து 6,000 பவுண்டுக்குக் குறைவான எடைப் பிரிவில் வரும் வண்டிகளுக்குப் புதிய புகைக் கட்டுப்பாடு வந்தது. அந்த வரம்பைத் தாண்டும்படி கொஞ்சம் கனமான ஒரு மாடலை ஃபோர்டு கொண்டுவந்தது. அதுதான் எஃப்-150. சட்டத்திலிருந்து தப்பிக்க எடை கூட்டிப் பிறந்த வண்டி என்பதை நினைவில் வையுங்கள். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு, இன்னொரு சட்டத்துக்காக அதே வண்டி எடை குறைக்க வேண்டி வந்தது.

2006இல் ஃபோர்டு நிறுவனம் பெரும் நெருக்கடியில் இருந்தது. 2,300 கோடி டாலருக்கும் மேல் கடன் திரட்டியது. அதற்கு ஆலைகளை மட்டுமல்ல, நீல நிற முட்டை வடிவச் சின்னத்தையும், மஸ்டாங், எஃப்-150 என்ற பெயர்களையும்கூட அடமானம் வைத்தது. வீட்டுப் பத்திரத்தோடு குடும்பப் பெயரையும் சேர்த்து அடகு வைத்தது போல! அந்த ஆண்டு தலைமைப் பொறுப்புக்கு வந்தவர் ஆலன் முலாலி. அதற்கு முன் போயிங் விமான நிறுவனத்தில் பணியாற்றியவர். விமானத்தின் உடல் அலுமினியத்தால் ஆனது என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

2012இல் ஒபாமா அரசு, 2025க்குள் வாகனங்களின் சராசரி எரிபொருள் சிக்கனத்தை ஏறக்குறைய இரு மடங்காக்க வேண்டும் என்று விதி வகுத்தது. எஞ்சினை மட்டும் மாற்றி அந்த இலக்கை எட்டுவது கடினம். எடையைக் குறைக்க வேண்டும். அலுமினியத்தின் அடர்த்தி எஃகில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான். கேபினையும் தொட்டியையும் அலுமினியக் கலவையால் செய்வது என்று ஃபோர்டு முடிவெடுத்தது. அடிச்சட்டம் மட்டும் எஃகாகவே இருந்தது.

படிக்கும்போது எளிதாகத் தோன்றும். ஆனால் இது நிறுவனத்தின் லாபத்தில் பெரும்பங்கு தரும் வண்டி. ஆண்டுக்கு ஏழு லட்சத்துக்கும் மேல் விற்கும் வரிசை. வாங்குபவர்களோ, கனமாக இருந்தால்தான் உறுதி என்று நம்புகிறவர்கள். அலுமினியம் என்றதும் குளிர்பான டப்பாவை நினைப்பவர்களிடம் இதை விற்க வேண்டும். சறுக்கினால் பாதிப்பு அதிகாரிகளோடு நிற்காது. டியர்பார்ன் ஆலையிலும் கான்சாஸ் சிட்டி ஆலையிலும் வேலை பார்க்கும் ஆயிரக்கணக்கான குடும்பங்களையும் அது தொடும்.

அதனால் சோதனையை ரகசியமாக நடத்தினார்கள். பழைய மாடல் போலவே தோற்றமளிக்கும், ஆனால் அலுமினியத் தொட்டி கொண்ட வண்டிகளைத் தங்கச் சுரங்கம் போன்ற கடுமையான வேலையிடங்களுக்குக் கொடுத்து ஓட்டிப் பார்த்தார்கள். 2013இல் மெக்சிகோவின் பாஹா பாலைவனப் பந்தயத்தில்கூட வேடமிட்ட ஒரு வண்டியை ஓடவிட்டார்கள்.

2014 ஜனவரியில் டெட்ராய்ட் கண்காட்சியில் வண்டி வெளியானது. எடை 700 பவுண்டு வரை குறைவு, அதாவது சுமார் 318 கிலோ. அந்த ஆண்டின் பிற்பகுதியில் டியர்பார்ன் ஆலையின் பழைய எந்திரங்களை அகற்றிப் புதியவற்றை நிறுவினார்கள்.

இங்கேதான் நம் ஐந்தாம் வகுப்பு அறிவியல் பாடம் வருகிறது. அலுமினியத்தில் காந்தம் ஒட்டாது. எஃகுத் தகட்டைக் காந்தத்தால் தூக்கலாம். அலுமினியத் தகட்டை உறிஞ்சு கிண்ணம் வைத்துத்தான் தூக்க வேண்டும். எஃகைப் பற்றவைப்பது போல இதை எளிதாகப் பற்றவைக்க முடியாது. ரிவெட் அடித்து, பசை போட்டு இணைத்தார்கள். கடை பெயர் எழுதிய காந்தப் பலகையைக் கதவில் ஒட்டிக்கொண்டு தொழில் செய்தவர்களுக்கும் வேறு வழி தேட வேண்டியதாயிற்று.

இந்தியர்களான நமக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. இந்த வண்டிக்கு அலுமினியம் கொடுத்த முக்கிய நிறுவனங்களில் ஒன்று நோவலிஸ். 2007இல் அதை வாங்கியது நம் நாட்டின் ஹிண்டால்கோ. நியூயார்க் மாநிலத்தின் ஆஸ்வீகோ ஆலையில் தகடு உருவாகும். வெட்டியது போக மீதித் துண்டுகள் அதே ஆலைக்குத் திரும்பி, உருகி, மீண்டும் தகடாகும்.

சரி, எதிர்பார்த்தது நடந்ததா? இழுவைத் திறன் 12,200 பவுண்டு வரை, சுமார் 5,500 கிலோ. தொட்டியில் ஏற்றும் சுமை 3,300 பவுண்டு வரை, சுமார் 1,500 கிலோ. இவற்றில் குறை சொல்ல முடியாது. மைலேஜில்தான் ஏமாற்றம். நெடுஞ்சாலையில் கேலனுக்கு 30 மைல் வரும் என்று பலர் எதிர்பார்த்தார்கள். 2.7 லிட்டர் எஞ்சின் கொண்ட வண்டிக்குக் கிடைத்த அரசு மதிப்பீடு 26 மைல். நம் கணக்கில் லிட்டருக்கு ஏறத்தாழ 11 கிலோமீட்டர். போட்டியாளரான ராம் டீசல் வண்டிக்கு அது 28.

மோதல் சோதனையிலும் ஒரு பாடம் கிடைத்தது. காப்பீட்டு நிறுவனங்களின் பாதுகாப்பு அமைப்பு நடத்திய சோதனையில் நான்கு கதவு கொண்ட பெரிய கேபின் வண்டி நன்றாகத் தேறியது. சற்றுச் சிறிய கேபின் வண்டி தடுமாறியது. விமர்சனம் வந்த பிறகு அதிலும் பாதுகாப்புத் தண்டுகளைச் சேர்த்தார்கள். 2016 சோதனையில் இரண்டும் நன்றாகத் தேறின.

அதே 2016இல் செவர்லே ஒரு விளம்பரம் எடுத்தது. 825 பவுண்டு எடைக்குக் கற்களை இரண்டு வண்டிகளின் தொட்டியிலும் கொட்டினார்கள். எஃகுத் தொட்டி நசுங்கியது. அலுமினியத் தொட்டியில் ஓட்டை விழுந்தது. நாடே பார்த்தது. ஆனாலும் அந்த ஆண்டு அமெரிக்காவில் எஃப் வரிசை 8 லட்சத்துக்கும் மேல் விற்றது. செவர்லேயின் 2019 பிக்கப்பிலோ கதவுகளும் முன்மூடியும் பின்கதவும் அலுமினியத்தில் வந்தன! தொட்டி மட்டும் எஃகு.

கதை அதோடு முடியவில்லை. 2025 செப்டம்பரில் ஆஸ்வீகோ ஆலையில் பெரிய தீ விபத்து. தகடு வரத்துக் குறைந்தது, எஃப்-150 உற்பத்தியும் பாதிக்கப்பட்டது. எஃகைப் பல ஆலைகளில் வாங்கலாம். இந்தத் தகட்டுக்கு நம்பியிருக்கும் ஆலைகளோ சிலவே. எடைக் கவலை தீர்ந்த இடத்தில் வரத்துக் கவலை வந்து உட்கார்ந்துகொண்டது.

புது வண்டி வருகிறது என்றால் விளம்பரத்தில் உள்ள எண்களை மட்டும் பார்க்கிறோம். அந்த எண்களுக்குப் பின்னால் ஒரு கோழிச் சண்டை, ஒரு அடமானப் பத்திரம், ஒரு சுரங்கம், ஓர் ஆலையின் தீ எல்லாம் இருக்கின்றன. பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லும்போது அரசர்களோடு இவற்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒரு காந்தத்தைக் கையில் கொடுத்துத் தொடங்கினால் போதும், கேள்விகள் தானாக வரும்.

  அமெரிக்காவில் இந்த வண்டியை ஓட்டும் மாணவர்கள் யாராவது இருந்தால் உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள்.