மூடு பிளேயர்

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகிற சாலையில், எந்தக் கால்பந்து மைதானத்தின் ஓரத்தில் போய் நின்றாலும் ஒரு வாக்கியம் காதில் விழும். "நல்ல பிளேயர்தான் சார், ஆனா மூடு பிளேயர்." கோல்கீப்பரைப் பற்றியோ ஸ்டாப்பரைப் பற்றியோ இதை யாரும் சொல்லி நான் அதிகம் கேட்டதில்லை. கோட்டை ஒட்டி ஓடுகிற விங்கரைப் பற்றித்தான் சொல்வார்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரைத் தாண்டிப் போய் கோல் போட்டிருப்பான். அடுத்த ஞாயிறு பந்து அவன் காலில் நிற்கவே நிற்காது. மூன்றாவது ஞாயிறு ஆளையே காணோம். பி.டி. சார் பட்டியலில் பெயரை அடிக்கிறார். கதை முடிந்தது.

இந்த 'மூடு' என்ற சொல்லை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன். ஒரு பையனின் குணத்தைச் சொல்வதுபோல இருக்கும். ஆனால் அவன் ஆடும் இடம், அவன் வீட்டுக்கும் மைதானத்துக்கும் நடுவில் உள்ள தூரம், அவனிடம் என்ன வேலை சொல்லப்பட்டது என்பதெல்லாம் அந்தச் சொல்லுக்குள் ஒளிந்துகொள்ளும். கால்பந்தின் வரலாற்றைப் புரட்டினால், இப்படிப்பட்ட ஆட்டக்காரர்களிடமிருந்து முழுசா ஆட்டத்தை வாங்கியவர்கள் யாரும் அவர்களின் குணத்தைத் திருத்தி வாங்கவில்லை என்றே தோன்றுகிறது.

முதலில் அந்த இடத்தைப் பார்ப்போம். விங் என்றால் சிறகு. பழைய 2-3-5 முறையில் ஐந்து முன்கள ஆட்டக்காரர்களில் இரண்டு பேர் மைதானத்தின் இரு விளிம்பிலும் நிற்பார்கள். பந்து அவர்களிடம் எப்போதாவதுதான் வரும். வந்ததும் எதிரில் நிற்கிறவனைத் தாண்டியாக வேண்டும். நடுக்கள ஆட்டக்காரன் பத்து பாஸ் போட்டால் ஒன்பது ஒழுங்காகப் போய்ச் சேரும். ஆளைத் தாண்டுவதில் அந்தக் கணக்கு செல்லாது. உலகத்தரமான விங்கர்களே ஏறக்குறைய பாதி முயற்சிகளில் பந்தை இழக்கிறார்கள். அதாவது தோல்வி அந்த வேலையோடேயே வருகிறது.

எங்கள் கடற்கரையில் இதைப் புரியவைப்பது சுலபம். கோவளத்திலோ கொக்கிலமேட்டிலோ கடலுக்குப் போய் வெறும் வலையோடு திரும்பியவரை யாரும் 'மூடு மீனவர்' என்று சொல்வதில்லை. "இன்னிக்குப் பாடு இல்ல" என்பார்கள், அவ்வளவுதான். நாளைக்கும் அவர் போவார். வலையைச் சரியான இடத்தில் போட்டாரா, நேரத்துக்குப் போனாரா என்றுதான் அனுபவசாலிகள் கேட்பார்கள். விங்கரிடம் மட்டும் நாம் மீனை எண்ணுகிறோம்.

இந்த நிச்சயமின்மையைத் தாங்க முடியாமல் விங்கரையே ஒழித்துக்கட்டியவர்களும் உண்டு. 1966 உலகக் கோப்பையில் இங்கிலாந்தின் ஆல்ஃப் ராம்சி முதல் மூன்று ஆட்டங்களுக்கு மூன்று வெவ்வேறு விங்கர்களை இறக்கினார். கானலி, பெய்ன், கேலஹன். யாரும் திருப்தி தரவில்லை. கால் இறுதியிலிருந்து விங்கரே இல்லாமல் ஆடி கோப்பையை வென்றார். அந்த அணிக்குச் 'சிறகில்லா அதிசயங்கள்' என்று பெயர் வந்தது. தலைவலிக்குத் தலையை வெட்டுவது ஒரு வைத்தியம்தான், ராம்சிக்கு அது பலித்தது. ஆனால் எட்டு ஆண்டுகளுக்கு முன் பிரேசில் வேறொரு வைத்தியத்தைக் காட்டியிருந்தது.

1958, சுவீடன். பிரேசில் அணியில் கரிஞ்சா என்றொரு வலது விங்கர். இரண்டு கால்களும் ஒரே பக்கமாக வளைந்தவை. தாண்டிய ஆளையே திரும்பத் தாண்டிப் பார்க்கிற விளையாட்டுத்தனம். அணியோடு போயிருந்த உளவியலாளர் கார்வல்யாயெஸ் சோதனைகள் நடத்தி, கரிஞ்சாவும் 17 வயது பெலேவும் இப்படிப்பட்ட பெரிய ஆட்டங்களுக்குப் பக்குவப்படாதவர்கள் என்று அறிக்கை கொடுத்தார். முதல் இரண்டு ஆட்டங்களில் இரண்டு பேருமே ஆடவில்லை. இங்கிலாந்தோடு கோலே இல்லாமல் சமன் ஆன பிறகு, ஜூன் 15 அன்று சோவியத் அணிக்கு எதிராகப் பயிற்சியாளர் ஃபியோலா இருவரையும் இறக்கினார். தொடங்கிய சில நிமிடங்களுக்குள் கரிஞ்சா அடித்த பந்து கோல் கம்பத்தில் மோதித் திரும்பியது. பிரேசில் 2-0 என்று வென்றது. பெலேவும் கரிஞ்சாவும் சேர்ந்து ஆடிய எந்த ஆட்டத்திலும் பிரேசில் தோற்றதே இல்லை.

இந்தக் கதையை எல்லோரும் சொல்வார்கள். அதே அணியின் இடது விங்கைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. அங்கே ஆடியவர் மாரியோ ஜகாலோ. பந்து எதிரணியிடம் போனதும் அவர் பின்னால் ஓடிவந்து நடுக்களத்தை நிரப்புவார். காகிதத்தில் 4-2-4, ஆனால் அவரால் அது 4-3-3 ஆக மாறும். வலது பக்கம் ஒருத்தர் நினைத்தபடி ஆட, இடது பக்கம் இன்னொருத்தர் இரண்டு பேர் ஓட்டத்தை ஓடினார். கரிஞ்சாவுக்கு யாரும் ஒழுக்கம் கற்பிக்கவில்லை. அவர் பந்தை இழந்தால் அணி உடையாதபடி ஏற்பாடு செய்தார்கள். ஒருவனுக்குத் தரும் சுதந்திரத்தின் விலையை இன்னொருவன் கட்டுகிறான் என்பதைப் பயிற்சியாளர் ஒப்புக்கொண்டு, அவனையும் மதிக்க வேண்டும். நம்மூர் அணிகளில் ஜகாலோக்களுக்குத் தனியாக ஒரு கைதட்டல்கூடக் கிடையாது.

அதே காலத்தில் நமக்கும் ஒரு கதை இருக்கிறது. துளசிதாஸ் பலராம், 1936இல் செகந்திராபாத் அருகே அம்முகூடாவில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர். அவருடைய ஆட்டத்தைப் பார்த்த சையத் அப்துல் ரஹீம் ஹைதராபாத்துக்குப் பயிற்சிக்கு வரச் சொன்னார். திறமை இருந்தது, ஆசையும் இருந்தது. தினமும் அவ்வளவு தூரம் போய்வரக் காசுதான் இல்லை. ரஹீம் சைக்கிளுக்கு வழி செய்தார். பையன் வந்தான். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பிடித்த இந்திய அணியில் பலராம் இருந்தார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஹங்கேரிக்கு எதிராகக் கோல் அடித்தார். 1962 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற அணியிலும் இருந்தார். வலது விங்கில் பி.கே. பானர்ஜி, உள்ளே சுனி கோஸ்வாமி, இடப்பக்கம் பலராம். இந்தியக் கால்பந்தின் மிகச் சிறந்த முன்வரிசை என்று இன்றைக்கும் இந்த மூன்று பேரைத்தான் சொல்கிறார்கள்.

அந்த சைக்கிள் இல்லாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பலராம் வாரத்தில் இரண்டு நாள் வந்திருப்பார், மூன்று நாள் வந்திருக்கமாட்டார். வந்த நாளிலும் களைத்துப்போய் வந்திருப்பார். யாராவது ஒருத்தர், "நல்ல பையன்தான், ஆனா நம்ப முடியாது" என்று சொல்லியிருப்பார். அத்தோடு சரி.

ரஹீம் அடிப்படையில் ஆசிரியர். ஹைதராபாத்தில் அவர் வினோதமான பயிற்சி ஆட்டங்கள் நடத்தினார். ஒன்றில் யாரும் டிரிப்ளிங் செய்யக் கூடாது. இன்னொன்றில் பழகாத காலால் மட்டுமே அடிக்கலாம். ஆளைத் தாண்டுகிற ஆசையுள்ள பையனிடம் "டிரிப்ளிங் பண்ணாதடா" என்று கத்துவது ஒரு வழி. டிரிப்ளிங்கே செல்லாத ஓர் ஆட்டத்தில் அவனை இறக்கி, பாஸ் எப்போது லாபம் என்று அவனே கண்டுபிடிக்க விடுவது இன்னொரு வழி. கத்தினால் அவனுடைய துணிச்சல்தான் குறையும். ஆட்டத்தில் இறக்கினால் எதை எப்போது செய்வது என்கிற தேர்வு அவனுக்குக் கூடும். திறமை இருந்தும் நிலையாக ஆடாதவனுக்குப் பெரும்பாலும் அந்தத் தேர்வுதான் குறை.

சமீபத்துக்கு வருவோம். சென்னைப் பையன் நந்தகுமார் சேகர். சென்னை சிட்டி, டெல்லி டைனமோஸ், பிறகு ஒடிசா என்று பல ஆண்டுகள் விங்கில் ஓடியவர். இந்திய அணியின் கதவு 2023இல்தான் திறந்தது. அந்த ஆண்டே ஈஸ்ட் பெங்காலுக்குப் போனார். ஆகஸ்ட் 12, டூரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிரான ஆட்டம். வலது பக்கத்திலிருந்து உள்ளே வெட்டி இடது காலால் வளைத்து அடித்தார். 1-0. நாலரை ஆண்டுகளாக அந்த ஆட்டத்தை ஜெயிக்காத ஈஸ்ட் பெங்கால் ரசிகர்கள் அழுதார்கள். அதே போட்டியின் அரையிறுதியில், கடைசி மூச்சில், நார்த்ஈஸ்ட் யுனைடெடுக்கு எதிராகச் சமன் கோல் அடித்தார். 2024 ஜனவரியில் சூப்பர் கோப்பை இறுதிப் போட்டி, எதிரணி அவருடைய பழைய அணியான ஒடிசா. அதிலும் ஒரு கோல். 2012க்குப் பிறகு ஈஸ்ட் பெங்கால் வென்ற முதல் தேசியக் கோப்பை அது.

இந்த வரிசையைப் படித்தால் ஓயாமல் கோல் அடித்தவர் போலத் தெரியும். இல்லை. நடுவில் கோலே இல்லாத வாரங்கள் நிறைய. அன்றைய பயிற்சியாளர் கார்லெஸ் குவாத்ராத் அந்த வாரங்களிலும் அவரைத் தொடர்ந்து ஆடவிட்டார் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. போன வாரம் பந்தை இழந்ததற்காக இந்த வாரம் பெஞ்சில் உட்கார்ந்திருப்போம் என்று பயப்படுகிற விங்கர் பின்னால்தான் பாஸ் போடுவான். பின்னால் பாஸ் போடுகிற விங்கர் பந்தை இழக்கமாட்டான், கோலும் போடமாட்டான்.

அப்படியானால் கேட்டதையெல்லாம் விட்டுக்கொடுக்க வேண்டியதுதானா? இல்லை. உஸ்மான் டெம்பெலேவைப் பாருங்கள். 2017இல் பார்சிலோனா 105 மில்லியன் யூரோ கொடுத்து வாங்கியது, கூடுதல் தொகைகள் தனி. ஆறு ஆண்டுகளில் காயம் மேல் காயம். 2022 உலகக் கோப்பை இறுதியில் இவர் தவறால் பெனால்டி போக, இடைவேளைக்கு முன்பே வெளியே எடுக்கப்பட்டார். 2023இல் பிஎஸ்ஜி. 2024 அக்டோபர் 1, ஆர்சனலுக்கு எதிரான சாம்பியன்ஸ் லீக் ஆட்டம். பயிற்சியாளர் லூயிஸ் என்ரிகே இவரை அணியோடு லண்டனுக்கே கூட்டிப்போகவில்லை. அணியின் கடமைகளை மதிக்காதவர் ஆடத் தயாராக இல்லாதவர் என்பது அவர் நிலை. பிஎஸ்ஜி 2-0 என்று தோற்றது. பலரும் என்ரிகேயைத் திட்டினார்கள்.

ஆனால் அவர் கதவைச் சாத்திவிடவில்லை. சில வாரங்கள் கழித்து டெம்பெலேவை விங்கிலிருந்து நடுவுக்குக் கொண்டுவந்தார். பந்து அடிக்கடி காலுக்கு வருகிற இடம். கூடவே ஒரு வேலையும் சொன்னார்: எதிரணி பந்தை எடுத்ததும் முதலில் ஓடி நெருக்குவது நீதான். அந்த சீசனில் டெம்பெலே 30க்கும் மேற்பட்ட கோல்கள் அடித்தார். 2025 மே 31 அன்று மியூனிக்கில் பிஎஸ்ஜி இன்டர் மிலானை 5-0 என்று வென்றபோது இவர் ஒரு கோல்கூட அடிக்கவில்லை. ஆனால் அன்று எல்லோரும் பேசியது, இன்டர் கோல்கீப்பரை இவர் விடாமல் நெருக்கிய ஓட்டத்தைப் பற்றித்தான். செப்டம்பரில் பாலோன் தோர் கிடைத்தது.

கோல் வருமா வராதா என்பது ஆட்டக்காரன் கையில் முழுசாக இல்லை. ஓடிப்போய் நெருக்குவது முழுக்க அவன் கையில் இருக்கிறது. என்ரிகே இந்த இரண்டையும் பிரித்தார். கையில் இருப்பதற்குக் கண்டிப்பு, கையில் இல்லாததற்குப் பொறுமை. நம்மூரில் பெரும்பாலும் இது தலைகீழ். கோல் போட்ட பையன் பயிற்சிக்கு வராவிட்டாலும் மன்னிப்பு உண்டு. தினமும் வந்து, ஓடி, மூன்று முறை பந்தை இழந்தவனுக்குத் திட்டு.

இப்போது மாமல்லபுரத்திலேயே எஃப்சி மெட்ராஸ் அகாடமி இருக்கிறது. பையன்கள் தங்கி, படித்து, ஆடுகிறார்கள். சாப்பாடு, தூக்கம், பள்ளிக்கூடம், மைதானம் எல்லாம் ஒரே வளாகத்தில். பலராமுக்கு ரஹீம் செய்த சைக்கிள் ஏற்பாட்டின் பெரிய வடிவம் இது என்று சொல்லலாம். ஆனால் அகாடமிகளின் கதவுக்குள் போகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். புதுப்பட்டினத்திலும் தேவனேரியிலும் மணலில் வெறுங்காலோடு ஆடுகிற மற்றவர்களின் எதிர்காலம், பட்டியலைக் கையில் வைத்திருக்கும் ஒரு பி.டி. சாரையோ சங்கத்து அண்ணனையோதான் நம்பியிருக்கிறது. விடியற்காலையில் அப்பாவோடு படகு தள்ளிவிட்டு வருகிறவன் மாலை ஆட்டத்தின் இரண்டாம் பாதியில் காணாமல் போனால், அதற்கு மூடு காரணமில்லை. "தம்பி, காலையில என்ன சாப்பிட்ட?" என்று கேட்க ஒரு நிமிடம் போதும். 16 வயதில் அடிக்கப்பட்ட பெயரைத் திரும்ப எழுதுகிற வழக்கம் எங்கேயும் அதிகம் கிடையாது.

கரிஞ்சாவின் கடைசிப் பகுதியையும் சொல்லிவிட வேண்டும். 1962இல் பெலே காயப்பட்டு உட்கார்ந்தபோது உலகக் கோப்பையைப் பிரேசிலுக்கு வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். அவரிடமிருந்த அத்தனை ஆட்டத்தையும் கிளப்பும் நாடும் வாங்கிக்கொண்டன. முழங்கால்கள் தேய்ந்தன. குடி முற்றியது. 1983 ஜனவரியில், 49 வயதில் இறந்தார். அவர் பந்தை இழந்தால் தாங்கிக்கொள்ள ஓர் அணி ஏற்பாடு இருந்தது. ஆட்டம் முடிந்து வீட்டுக்குப் போன மனிதரைத் தாங்க எந்த ஏற்பாடும் இல்லை. ஒரு விங்கரிடம் இருப்பதை முழுசாக வெளியே கொண்டுவருவது எப்படி என்று கேட்கிற பயிற்சியாளர்களிடம், கொண்டுவந்த பிறகு அவனுக்கு என்ன மிச்சம் இருக்கும் என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. கால்பந்து இந்த இரண்டாவது கேள்வியை இதுவரை அவ்வளவாகக் கேட்டுக்கொண்டதில்லை.